எதிரே ஒரு நாய் வந்தால் மணி ஏன் இப்படித் துள்ளுகிறான்?

கேள்வி: டாக்டர், நாங்கள் கோவை வடவள்ளியில் இருக்கிறோம். எங்கள் மணிக்கு வயது ஒன்றேகால். கறுப்பு லாப்ரடார், ஆண், 31 கிலோ. வீட்டில் தங்கம் மாதிரி இருப்பான். குழந்தை காதைப் பிடித்து இழுத்தால்கூடப் பேசாமல் படுத்திருப்பான். வாக்கிங் போகும்போது இன்னொரு நாயைப் பார்த்துவிட்டால் மட்டும் கட்டுக்கு அடங்குவதில்லை. பின்னங்காலில் எழுந்து நின்று, அழுகையும் குரைப்பும் கலந்த மாதிரி ஒரு சத்தம் போட்டு இழுக்கிறான். போன மாதம் என் மாமியார் கயிற்றைப் பிடித்திருந்தபோது இழுத்ததில் அவர் விழுந்து முட்டியில் நான்கு தையல். எதிர்வீட்டு அக்கா தன் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார். அவிழ்த்துவிட்டால் தானாகப் பழகிவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி சைட்டில் விட்டுப் பார்த்தோம். ஓடிப்போய் ஒரு கோல்டன் ரெட்ரீவரின் முகத்தை நக்கி, முதுகில் ஏறினான். அது இவன் காதைக் கடித்துவிட்டது. கடைக்காரர் இறுக்கும் சங்கிலி வாங்கச் சொல்கிறார். கணவர் இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். கருத்தடை செய்யச் சொல்கிறார்கள் சிலர். தெருமுனை டீக்கடையில் மூன்று தெருநாய்கள் வேறு இருக்கின்றன. அவன் மற்ற நாய்களோடு சந்தோஷமாக விளையாட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மாமியாரின் முட்டி இப்போது எப்படி இருக்கிறது? தையல் பிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்னும் மூன்று மாதத்துக்கு அவர் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டாம். யார் பிடித்தாலும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம். கெட்டியாகப் பிடித்திருப்பதாகத் தோன்றும், ஆனால் 31 கிலோ நாய் பாயும்போது விரலும் மணிக்கட்டும்தான் முதலில் முறியும். கயிற்றின் கைப்பிடிக்குள் கட்டைவிரலை நுழைத்து, உள்ளங்கையை மூடி, அந்தக் கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இழுவையை உங்கள் முழு உடம்பும் தாங்கும்.

அப்புறம், மணியின் காது. கடித்தது வீட்டு நாயாகவே இருந்தாலும், அவனுக்குக் கடைசியாக ரேபிஸ் தடுப்பூசி போட்ட தேதியை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். லாப்ரடாருக்குக் காதில் சீழ் பிடிப்பது சாதாரணம். காதோ இடுப்போ வலிக்கிற நாய்க்குப் பொறுமை பாதிதான் இருக்கும். வலி இருக்கும்வரை பயிற்சியைத் தொடங்காதீர்கள். குழந்தை காதை இழுக்கிற விளையாட்டையும் இன்றோடு நிறுத்துங்கள். அவன் பொறுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். அது பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அவிழ்த்துவிட்ட அன்று மணி அந்த கோல்டனிடம் போய் முகத்தை நக்கினான். கடிக்கவில்லை, உறுமவில்லை. எதிரியிடம் போகிற நாய் அப்படிச் செய்யாது. தெருவில் உங்களைச் சங்கடப்படுத்துகிற அந்தச் சத்தம் கோபமே இல்லை. ஆசைப்பட்ட இடத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்களே என்கிற தவிப்பு. பலூன்காரரைப் பார்த்துவிட்ட குழந்தையை அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனால் அது தரையில் உட்கார்ந்து அழுமே, கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் எதிரே வரும் நாய்க்கு இது தெரியாது. நாய்கள் சுதந்திரமாகச் சந்திப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நேருக்கு நேர் போகாது. கொஞ்சம் வளைந்து, பக்கவாட்டில் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வால் பக்கம் மோப்பம் பிடிக்கும். அதுதான் அவர்களுடைய வணக்கம். கயிறு இறுகியிருக்கும் நாயால் வளைந்து போக முடியாது. நெஞ்சு மேலே தூக்கிவிடும், முன்னங்கால் தரையை விட்டு எழும்பும், கண் நேராக எதிராளியைப் பார்க்கும். மற்ற நாயின் மொழியில் இது "வா, பார்த்துவிடலாம்" என்று சவால் விடுவதற்குச் சமம். உடனே அது உறுமும். மணிக்கு ஒன்றும் புரியாது. இப்படி நாலைந்து முறை உறுமல் வாங்கினால், ஆசையாக இருந்தது மெல்ல மெல்ல உண்மையான சண்டையாக மாறிவிடும். ஒன்றேகால் வயதிலேயே நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இது ஏன் வந்தது என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். நாய்க்குட்டி தன் இனத்தாரோடு பழகக் கற்கும் முக்கியமான காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. நம் ஊரில் பெரும்பாலான குட்டிகள் 45 நாளில் தாயைப் பிரிந்து வந்து, தடுப்பூசிகள் முடிகிறவரை வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் பயத்தில் நாங்கள் மருத்துவர்களும் "வெளியே கொண்டுபோகாதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த பயம் நியாயமானதுதான். ஆனால் தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் நாய்களைக் காட்டலாம், ஊசி போட்ட, சாதுவான வீட்டு நாயை வீட்டுக்கு வரவழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பல வருடம் நானும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அது என் வருத்தம்.

உங்கள் ஆசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணி எல்லா நாய்களோடும் விளையாட வேண்டியதில்லை. நாம் பஸ்ஸில் ஏறினால் எல்லோரையும் கட்டிப்பிடிப்பதில்லை. வளர்ந்த நாய்களுக்கும் அப்படித்தான், இரண்டு மூன்று நண்பர்கள் போதும். அவன் முதலில் கற்க வேண்டிய பாடம், ஒரு நாயைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தாண்டிப் போவது. அது வந்த பிறகுதான் சந்திப்பு. பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். பழகட்டும் என்று மூக்கோடு மூக்கு கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

இதற்கு மருந்து தூரம். எவ்வளவு தூரத்தில் இருந்தால் மணி ஒரு நாயைப் பார்த்தும் நீங்கள் நீட்டுகிற தின்பண்டத்தை வாங்கித் தின்கிறானோ, அதுதான் அவனுடைய இப்போதைய எல்லை. உங்கள் தெருவின் கரண்ட் கம்பங்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பம் தள்ளி இருந்தால் தின்கிறான், ஒன்றரைக் கம்பத்தில் வாயை மூடிக்கொண்டு விறைக்கிறான் என்றால், வேலை செய்ய வேண்டிய இடம் இரண்டு கம்பம். லாப்ரடார் சாப்பாட்டை வேண்டாம் என்றால் அவன் மூளை வேறெங்கோ போய்விட்டது என்று பொருள். அந்த நேரத்தில் எதுவும் கற்பிக்க முடியாது, விலகிப் போக மட்டும்தான் முடியும்.

என் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. சில வருடம் முன்பு அங்கே ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வயது செவலை நாய், மணி மாதிரியே எந்த நாயைக் கண்டாலும் குதிக்கிறவன். அவனை வளர்த்தவர் ஒரு கல்லூரி மாணவி. மறுகோடியில், ஐம்பது அடிக்கும் மேல் தள்ளி, என் வயதான நாய் கண்ணம்மாவை எங்கள் கம்பவுண்டர் மெதுவாக நடத்திக்கொண்டு போனார். செவலை பார்த்தான். மூச்சிரைக்கத் திறந்திருந்த வாய் சட்டென்று மூடியது. காது முன்னால் வந்தது. உடம்பின் பாரம் முன்னங்காலுக்குப் போய், பாதத்தின் விரல்கள் மண்ணில் அழுந்தின. வால் மேலே ஏறியது. இதெல்லாம் நடந்து முடிய இரண்டு நொடி. குரைப்பு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் அந்தப் பெண் ஒரு கோழித்துண்டை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். தின்றான், மறுபடி பார்த்தான், மறுபடி துண்டு. கண்ணம்மா சுவருக்குப் பின்னால் மறைந்ததும் துண்டும் நின்றது. மீண்டும் வந்தாள், மீண்டும் துண்டு. எட்டு முறை இப்படிப் போயிற்று. ஒன்பதாவது முறை கண்ணம்மா தெரிந்ததும் அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானாகவே கழுத்தைத் திருப்பி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். வாய் திறந்திருந்தது, வால் தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடியது. யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

அந்தக் கழுத்துத் திருப்பலுக்குத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் நாய் தெரிய வேண்டும், அதற்கு அப்புறம்தான் தின்பண்டம் வர வேண்டும். பாவ்லோவைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்யர். சத்தம் முதலில், சாப்பாடு பிறகு என்று பழக்கியதால்தான் அவருடைய நாய்களுக்குச் சத்தம் கேட்டதும் எச்சில் ஊறியது. எதிரே நாய் வரப்போகிறது என்று நீங்கள் பதறி முன்கூட்டியே பையில் கைவிட்டால் கதை தலைகீழாகிவிடும். "பை திறந்தால் ஏதோ வரப்போகிறது" என்று மணி உஷாராகி, சுற்றிலும் தேட ஆரம்பிப்பான். அவன் பார்க்கட்டும், ஒரு நொடி போகட்டும், பிறகு கொடுங்கள். அவன் சத்தம் போடாமல் இருந்ததற்காகக் கொடுக்கிற பரிசு இல்லை இது. நாய் தெரிந்தாலே நல்லது வருகிறது என்று அவன் உடம்புக்குப் பதிய வைக்கிறோம். அதனால் லேசாக ஒரு குரைப்பு வந்துவிட்டால்கூடக் கொடுக்கலாம். ஆனால் அடுத்த முறை இன்னும் தள்ளி நில்லுங்கள்.

தின்பண்டம் சாதாரண பிஸ்கட்டாக இருந்தால் போதாது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியின் நெஞ்சுக்கறி நல்லது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், அதனால் குழம்பில் கிடக்கிற துண்டைக் கழுவிக் கொடுக்கிற வேலை வேண்டாம். சைவ வீடு என்றால் பனீர் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. துண்டு கொண்டைக்கடலையில் பாதி அளவு இருந்தால் போதும், எண்ணிக்கைதான் கணக்கு. வெளியே தின்பதற்கு ஏற்ப ராத்திரி சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள். லாப்ரடாரின் பசிக்குப் பிறவிக் காரணமும் உண்டு. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, வயிறு நிறைந்ததைச் சொல்லும் மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். எடை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு இதே பசி பெரிய வரம்.

முதல் வாரம் தெருவுக்கே போக வேண்டாம். வீட்டுக்குள் "மணி" என்று ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்தால் துண்டு. ஹாலில் சரியாக வந்ததும் மொட்டை மாடி, அப்புறம் கேட்டுக்கு உள்பக்கம், அப்புறம் கேட்டுக்கு வெளியே. இதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும்: "வா போலாம்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடப்பது. எதிரே நாயே இல்லாதபோது இதை ஐம்பது தடவை விளையாட்டாகச் செய்திருந்தால்தான், திருப்பத்தில் திடீரென்று ஒரு நாய் வந்து நிற்கும்போது அவன் கால் தானாகத் திரும்பும்.

கேட் என்றதும் நினைவுக்கு வருகிறது. பகலெல்லாம் மணி கேட் கம்பி வழியாகப் போகிற வருகிற நாய்களைப் பார்த்துக் குரைக்கிறானா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் இருக்கும். கம்பிக்குப் பின்னால் நின்று தினமும் இருபது முறை குதித்துப் பழகுகிறவனை, வாக்கிங்கில் அரை மணி நேரம் மாற்றிவிட முடியாது. கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரமோ பிளெக்ஸ் துணியோ வைத்து மறைத்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் மிக அதிகம்.

இறுக்கும் சங்கிலியை வாங்காதீர்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கண்டது அதுதான். ஆனால் அது செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். இன்னொரு நாயைப் பார்க்கிறான், கழுத்து நெரிகிறது. பார்க்கிறான், நெரிகிறது. நாம் கோழித்துண்டு வைத்துப் பாவ்லோவின் பாடத்தை நடத்துகிறோம் என்றால், சங்கிலி அதே பாடத்தை வலியை வைத்து நடத்துகிறது. "நாய் வந்தால் வலிக்கும்" என்று கற்றவன் அந்த நாயை விரட்டத்தான் பார்ப்பான். ஆசையில் குதித்தவன் பகையில் குதிப்பான். உங்கள் கணவர் சொல்கிற இரண்டு அடிக்கும் இதே பதில்தான். அவருக்கு மணி மேல் அக்கறை இல்லாமல் இல்லை, அம்மா விழுந்ததில் அவருக்கு வந்த பதற்றம் அது. கழுத்தில் பாரம் விழுந்தால் மூச்சுக்குழாய்க்கும் கேடு, கண்ணுக்குள் அழுத்தமும் கூடும். கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸ், நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கயிறு அந்த முன்வளையத்தில் மாட்டப்பட்டால், இழுக்கும்போது அவன் உடம்பு உங்கள் பக்கமே திரும்பிவிடும். கயிறு சாதாரணமான, இரண்டு மீட்டர் நீளத் துணிப் பட்டையாக இருக்கட்டும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வகை உங்களுக்கு வேண்டாம்.

கருத்தடை பற்றிச் சுருக்கமாக: பெண் நாய் தேடி ஓடுவதையும், கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதையும் அது குறைக்கலாம். கயிற்றில் குதிப்பதை அது மட்டுமே நிறுத்தாது. செய்வதும் எந்த வயதில் செய்வது என்பதும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. இதற்காக என்று செய்ய வேண்டாம்.

இனி சந்திப்பு. ஒரு கம்பம் தூரத்தில் நாயைப் பார்த்தும் மணி உங்களைத் திரும்பிப் பார்க்கிறான் என்ற நிலை வந்த பிறகுதான் இது. சில நாய்களுக்கு மூன்று வாரம், சில நாய்களுக்கு மூன்று மாதம். முதல் நண்பனைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது. மூன்று நான்கு வயதுக்கு மேற்பட்ட, அலட்டிக்கொள்ளாத, ஊசிகள் சரியாகப் போட்ட நாய் வேண்டும். மணிக்குச் சமமான உடம்பு, முடிந்தால் பெண் நாய். குட்டி வேண்டாம், மணி மாதிரியே துள்ளுகிறவனும் வேண்டாம். இரண்டு நெருப்பை ஒன்றாக வைத்து அணைக்க முடியாது.

ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, அகலமான ஒரு ரோட்டில் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக, ஒரே திசையில் நடங்கள். எதிரெதிரே வேண்டாம். இரண்டு நாய்களும் ஒரே பக்கம் நடக்கும்போது ஒருவரையொருவர் முறைக்க வழியில்லை. ஒரே காற்று, ஒரே வாசனை, ஒரே வேலை. ஆட்கள் உள்பக்கம், நாய்கள் வெளிப்பக்கம். பத்து நிமிடம் நடந்து இரண்டு கயிறும் ஊஞ்சல் கயிறு மாதிரித் தொய்ந்திருந்தால், கொஞ்சம் நெருங்குங்கள். எந்தக் கயிறாவது விறைத்தால் பழையபடி விலகுங்கள். அப்புறம் அந்த நாயை முன்னே விட்டு, மணி பின்னால் போகட்டும். அது நின்று மோந்த இடத்தை அவனும் மோந்து பார்க்கட்டும். பாதிச் சந்திப்பு அங்கேயே முடிந்துவிடும். நமக்கு முகம் எப்படியோ அவர்களுக்கு மூத்திர வாசனை அப்படி. எந்த நாய், ஆணா பெண்ணா, எப்போது போனது எல்லாம் அதில் இருக்கிறது. மோப்பம் பிடிக்கிற நாயின் உடம்பு தானாகத் தளர்வதையும் பார்ப்பீர்கள்.

முதல் நாள் இவ்வளவு போதும், வீட்டுக்குப் போய்விடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்த பிறகு, வளைந்து வந்து வால் பக்கம் மோந்து பார்க்க விடலாம். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். "வா போலாம்" என்று உற்சாகமாகக் கூப்பிட்டுக்கொண்டு விலகுங்கள், வந்ததும் கைநிறையத் துண்டு. மறுபடி மூன்று எண்ணிக்கை. அந்த மூன்று நொடியில் கயிற்றை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். பயத்தில் நம் கை தானாக இறுகும், அதுதான் நாய்க்குப் போகிற முதல் செய்தி. முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, குனிந்து நின்றால் அது விளையாட்டுக்கு அழைப்பு. ஒரு நாய் தலையைத் திருப்புகிறது, மூக்கை நக்குகிறது, காரணமில்லாமல் கொட்டாவி விடுகிறது என்றால் "போதும், கொஞ்சம் தள்ளிப் போ" என்கிறது. மணி அதைக் கேட்கிறானா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேட்டு அவனை விலக்குங்கள். அந்த கோல்டனும் கடிப்பதற்கு முன் இதையெல்லாம் சொல்லியிருக்கும். மணிக்கு அது தெரியவில்லை, அன்று அங்கே சொல்லித்தரவும் யாரும் இல்லை. வாலாட்டம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வால் உயரத் தூக்கி, விறைப்பாக, வேகமாக ஆடினால் அது நட்பு இல்லை.

இந்த வாரங்களில் காலை ஆறரைக்குள் வாக்கிங்கை முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் தார் ரோடு பாதத்தைச் சுடும். சூடு பட்ட நாய் எரிச்சலில் இருக்கும். என்றாவது ஒருநாள் மோசமாகக் குதித்துக் கத்திவிட்டால், மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரு வேண்டாம். ஒருமுறை அவ்வளவு பதறிய உடம்பு அடங்க நேரம் எடுக்கும். அந்த இரண்டு நாளும் மாடியில் கிழிந்த துணிகளுக்குள் துண்டுகளை ஒளித்து வைத்து மூக்கால் தேட விடுங்கள். நடந்ததைவிட அதிகமாகக் களைத்துத் தூங்குவான்.

டீக்கடைத் தெருநாய்கள் தனிக் கதை. மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் அவர்களிடம் செய்யக் கூடாது. அந்த முனை அவர்களுடைய வீடு. கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்பதுதான் 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்லும் முறை. காதில் ஒரு வெட்டு அடையாளம் இருந்தால் அது கருத்தடை முடிந்த நாய். ஆனால் கருத்தடை ஆன நாயும் தன் எல்லையைக் காக்கும். ஒரு லாப்ரடார் குதித்துக் கத்திக்கொண்டு உள்ளே வந்தால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் முதல் வழி, அந்த முனையைச் சுற்றி வேறு தெரு. வேறு தெருவே இல்லை என்றால், மணி இல்லாமல் நீங்கள் மட்டும் பத்து நாள் அந்த வழியாகப் போங்கள். மெதுவாக, பக்கவாட்டில் நடந்து, கடை வாசலில் நெரிசல் இல்லாத நேரத்தில் இரண்டு பிஸ்கட்டைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். உங்கள் வாசனை அவர்களுக்குப் பழகட்டும். எந்த நாய் முன்னால் வருகிறது, எது பின்னால் நின்று குரைக்க மட்டும் செய்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். டீக்கடைக்காரரிடமும் பேசுங்கள். அவர் கூப்பிட்டால் அந்த நாய்கள் கேட்கும், நீங்கள் கடக்கும் ஒரு நிமிடம் அவர் கூப்பிட்டு வைத்துக்கொள்வார். நான் கண்ட வரையில் இதற்கு மாட்டேன் என்ற டீக்கடைக்காரர் இல்லை.

என்றாவது மூன்றும் நேராக வந்துவிட்டால் ஓடாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். மணியை உங்கள் பின்னால் வைத்து நின்று, பையில் இருப்பதை ஒரு கைப்பிடி எடுத்து அவர்களுக்கு அப்பால் போய் விழும்படி வீசுங்கள். அவர்கள் தரையைப் பார்க்கும் நேரத்தில் பக்கவாட்டில் விலகுங்கள். முதுகைக் காட்டி விடுவிடென்று நடக்க வேண்டாம். ஒரு குடை எடுத்துப் போங்கள். பட்டென்று விரித்துத் தாழ்த்திப் பிடித்தால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும், நடுவே ஒரு சுவரும் கிடைக்கும். முன்பே வீட்டில் குடையை விரித்து மணிக்குப் பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவன் முதலில் ஓடுவான். எந்த நாயாவது உங்களைக் கீறினாலோ கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். சின்னக் கீறல்தானே என்று நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை.

எதிர்வீட்டு அக்காவின் மேல் வருத்தப்படாதீர்கள். ஐந்தாறு கிலோ நாயை வைத்திருப்பவருக்கு 31 கிலோ பாய்ந்து வருவது எப்படி இருக்கும்! மணி விளையாட்டாகக் காலைத் தூக்கி வைத்தாலே அந்தப் பொமரேனியனின் முதுகு தாங்காது. ஒருநாள் மணி இல்லாமல் போய்ப் பேசுங்கள். "பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம் அக்கா, நீங்க எத்தனை மணிக்கு வாக்கிங் போவீங்க, நாங்க வேற நேரம் வெச்சுக்கறோம்" என்று சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய நாயே தெருவின் மறுகோடியில் நடந்து மணிக்கு உதவக்கூடும். ஆனால் அந்த இரண்டும் மூக்கோடு மூக்கு சந்திக்க வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மணியின் சத்தம் நின்று, அவன் சிலைபோல உறைந்து, கண் இமைக்காமல் ஒரு நாயையே பார்க்க ஆரம்பித்தால், அல்லது தடுக்கிற உங்கள் கையைத் திரும்பிக் கவ்வினால், இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு நாய்களின் நடத்தை தெரிந்த ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். அது வேறு பிரச்சினை, வேறு வழி. இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாமியாருக்கு மணி மேல் கோபம் இல்லை என்றால், அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு உங்கள் கையில், கோழித்துண்டு டப்பா அவர் கையில். வாசல் திண்ணையில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, கேட்டுக்கு உள்ளே நீங்கள் மணியோடு நில்லுங்கள். தெருக்கோடியில் ஒரு நாய் தெரிந்ததும் மணி அதைப் பார்ப்பான். அவர் "மணி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும்.

உங்கள் கடிதத்துக்காகக் காத்திருப்பேன். எத்தனை கம்பம் தூரம் என்று எழுதுங்கள்.